அப்பா சொன்ன ‘நோ’

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு என் அப்பா ‘நோ’ என்று சொன்னார். எதிர்ச் சுவரில் இருந்த மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தபடியால் நேரம் எனக்குத் திட்டமாகத் தெரியும். எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது அந்தச் சொல்லில்தான்.

பெற்றோருக்கு மொழிபெயர்த்தே வளர்ந்த என் வயதுக்காரருக்காக இதை எழுதுகிறேன். கவுன்சில் கடிதம், காஸ் பில், டொக்டர், பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு. பெற்றோர் எங்களைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று வழியில் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். யார் யாரைக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ‘வகுப்பில் வாய் மூடுவதில்லை’ என்று ஆசிரியை சொன்னதை ‘நல்லாப் பங்குபற்றுறாவாம்’ என்று மாற்றிச் சொல்லாதவர் எங்களில் யாராவது இருந்தால் கை தூக்குங்கள்.

இத்தனை வருடத்துக்குப் பிறகு இதைக் கிளறக் காரணம் என் மகள். மூன்று வாரத்துக்கு முன் அவள் பள்ளிக்கூடத்தில் விழுந்து, மணிக்கட்டைப் பிடித்தபடி வீட்டுக்கு வந்தாள். “நோகுதோ?” என்று கேட்டேன். “நோ” என்றாள். அவளுக்கு வாயில் எப்போதும் இங்கிலீஷ்தான். நான் நிம்மதியாகத் தேத்தண்ணி வைக்கப் போனேன். மறுநாள் கை வீங்கியிருந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு வெடிப்பு.

“நோகேல்லை எண்டுதானே சொன்னனீ?”

“இல்லை அம்மா. ஐ செட் நோ. யுவர் நோ.”

என்னுடைய நோ. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வலிக்கு நாங்கள் வைத்திருக்கும் சொல். தலை நோ, வயிற்று நோ, கை நோ. மகள் பிளாஸ்டர் போட்ட கையில் சிநேகிதிகளைக் கொண்டு படம் கீறுவித்துக்கொண்டு சந்தோசமாகத் திரிகிறாள். எனக்குத்தான் இன்னும் படபடப்பு அடங்கவில்லை. முன்கதவு திறந்தால் அவள் முகத்தைப் பார்க்க முன் இரண்டு கைகளையும் பார்க்கிறேன்.

இதே சொல்லில் நான் முன்பும் ஒருமுறை விழுந்தவள். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

நாங்கள் டென்மார்க்கில் இருந்து லண்டனுக்கு வந்தவர்கள். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அம்மா எடுத்த முடிவு அது. தமிழ்ப் பூசை, இங்கிலீஷ் படிப்பு, அப்டன் பார்க்கில் கருவாடு என்று மூன்று காரணம் சொன்னார். அப்பாவுக்கு மறுப்பதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அது மான்.

டென்மார்க்கில் அப்பா பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தார். அங்கே அவரோடு நின்ற ஒரு டெனிஷ்காரர் வில் வேட்டைக்குப் போகிறவர். ஒரு நாள் சும்மா பார்க்கவென்று கூடப் போன அப்பா, அடுத்த வருடம் பரீட்சை எழுதி, குறிபார்த்துக் காட்டி, அனுமதி எடுத்து, தானே ஒரு வில் வாங்கிவிட்டார். படத்தில் அரசர்கள் வைத்திருக்கும் வில் அல்ல. இரண்டு முனையிலும் சின்னச் சக்கரம் போலச் சில்லு வைத்த, கறுப்பு நிற, இயந்திரம் மாதிரியான வில். நாணுக்கு மெழுகு பூசும்போது வீடு முழுக்க மாதா கோயில் மெழுகுதிரி வாசம் வரும். “உங்கட மற்றப் பெண்சாதிக்கு அலங்காரம் நடக்குதோ?” என்று அம்மா கேட்பார். அப்பா பதில் சொல்ல மாட்டார். சொற்களில் அவ்வளவு சிக்கனம்.

லண்டனில் வில்லால் வேட்டையாட முடியாது, சட்டம் விடாது. அதனால் ஒவ்வொரு மே மாதமும் பத்து நாள் லீவு போட்டு டென்மார்க்குக்குப் போவார். அந்தச் சிநேகிதரின் காட்டில் ஆண் மான் வேட்டை திறக்கும் காலம் அது. மீதி வருடம் முழுக்க ஹைனோல்ட் பக்கம் ஒரு வில் கிளப்பின் புல்வெளியில் ஞாயிறு பின்னேரங்களில் பழகுவார். அங்கே ஒரு ரப்பர் மான் நின்றது. ஒரு காது இல்லை. அப்பா அம்பு விட, நான் பிடுங்கிக்கொண்டு வருவேன். குட்மேய்ஸில் இருந்த எங்கள் வீட்டில் அவர் ஒரு நாள் பேசுவதைவிட அந்தப் புல்வெளியில் ஒரு மணித்தியாலத்தில் கூடப் பேசுவார். காற்று எந்தப் பக்கம், மான் எந்தக் காலை முன்னால் வைத்தால் அம்பு விடலாம், எப்போது விடவே கூடாது. “கிட்ட வரும்வரை பொறுக்க ஏலாதவன் துவக்குத் தூக்கட்டும்” என்பார், துப்பாக்கி வேட்டைக்காரரை நினைத்து.

எனக்குப் பன்னிரண்டு வயதான அந்தக் கார்த்திகையில் வேலையிடத்தில் மேல் தட்டில் இருந்து சரிந்த ஒரு பெட்டியை அப்பா ஒற்றைக் கையால் பிடிக்கப் பார்த்தார். பெட்டி விழவில்லை. அவருடைய வலது தோளுக்குள் ஒரு தசைநார் பாதி கிழிந்தது. நாண் இழுக்கிற தோள்.

அந்த வில்லில் ஒரு விசயம் இருக்கிறது. இழுக்கத் தொடங்கும்போதுதான் பாரம் முழுவதும். பாதி தாண்டினால் சில்லு உருண்டு, பாரம் தானாக விழுந்துவிடும். பிறகு பிடித்துக்கொண்டு நிற்பது சுகம். அப்பாவுக்கு நோ அந்த முதல் ஒரு சாணில் இருந்தது. மற்றது எல்லாம் அவரால் ஏலும். ஒரு சாண் ஏலாது. வில்லை விரும்பினபடி தளர்த்தவும் முடியாது. அம்பு இவ்வளவு வேகத்தில் போனால்தான் மான் துடியாமல் சாகும் என்று டென்மார்க்கில் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே போனால் அனுமதி இல்லை. மேலும் வரப்போகிற வருடம் அவர் குறிபார்க்கும் பரீட்சையை மறுபடி எடுக்க வேண்டிய வருடம். தவறினால் காடு முடிந்தது.

தை மாதம் பிசியோதெரபிக்கு முதல் தவணை கிடைத்தது. மொழிபெயர்க்க ஆள் தருவோம் என்று கடிதத்தில் இருந்தது. “பிள்ளை இருக்கு” என்றார் அப்பா.

அன்று காலை அம்மா எனக்குத் தலை பின்னினார். வழமையைவிட இறுக்கமாக. “இஞ்சை பார். அந்த மிஸ்ஸிட்டைச் சொல்லு, இந்த ஆள் வில்லுத் தூக்கிறவர் எண்டு. இனித் தொடக்கூடாதெண்டு எழுதித் தரச் சொல்லு. நான் சொன்னாக் கேக்கமாட்டார், வெள்ளைக்காரி எழுதினாக் கேப்பார்.”

பஸ்ஸில் அப்பா சொன்னார்: “உள்ளுக்கை போய் வில்லுக் கதை எடுக்காதை. இந்த நாட்டிலை அது சரிவராது. பொலிசுக்குச் சொன்னாலும் சொல்லுவாள்.”

அவர் பயந்ததில் ஒன்றும் உண்மையில்லை. கிளப் சட்டப்படியானது, வில் வைத்திருப்பதும் சட்டப்படியானது. ஆனால் விசா, கடிதம், முத்திரை என்று பாதி வாழ்க்கையைக் கழித்த மனிதனுக்கு, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது என்பது பயங்கரமான விசயம். அது இப்போது விளங்குகிறது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நான் எதைச் சொன்னாலும் இருவரில் ஒருவரைக் காட்டிக்கொடுக்கிறேன்.

பிசியோ மிஸ் இளம் பெண். சிவத்த தலைமயிர், குளிர்ந்த கை. அப்பாவின் கையைப் பிடித்து மெதுவாக உயர்த்தியபடி, நோகிறதா என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன். மற்றவர்கள் ‘நோகுது’ என்று முழுதாகச் சொல்வார்கள். அப்பா சிக்கனக்காரர்.

“நோ.”

மூன்று பத்து. நான் வாய் திறப்பதற்குள் பிசியோ மிஸ் தலையாட்டிவிட்டு, கையை இன்னும் உயர்த்தினார்.

“நோ” என்றார் அப்பா, கொஞ்சம் பலமாக.

இன்னும் உயர்த்தினார்.

“நோ, நோ, நோ!”

“மிக நல்லது” என்றார் பிசியோ மிஸ்.

அப்பாவுக்கு இங்கிலீஷில் ‘நோ’ என்றால் என்ன என்று தெரியாமல் இல்லை. ஆனால் டென்மார்க்கில் இல்லை என்பதற்கு ‘நய்’ என்பார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் அவர் வாயில் நோ என்றால் நோ மட்டும்தான். அதோடு அந்நியர் முன்னால் நொந்தால் முகம் சுழிக்க மாட்டார். மரியாதைக்குச் சிரிப்பார். பற்களைக் கடித்துச் சிரித்துக்கொண்டு நோ நோ என்கிற ஒரு மனிதனை அந்தப் பெண் வேறு எப்படி விளங்கிக்கொள்வார்?

எனக்கு இரண்டாவது நோவிலேயே விளங்கிவிட்டது. நான் சொல்லவில்லை. நோ இல்லை என்றால் மேலே கேள்வி இல்லை, கேள்வி இல்லை என்றால் வில் இல்லை. அப்பாவுக்கும் பொய் சொல்லவில்லை, அம்மாவுக்கும் பொய் சொல்லவில்லை, வாயே திறக்கவில்லை. கண்ணை மணிக்கூட்டில் வைத்துக்கொண்டிருந்தேன். முடிவில் பிசியோ மிஸ் பயிற்சிப் படங்கள் போட்ட ஒரு தாளும் பச்சை நிற ரப்பர் பட்டி ஒன்றும் அப்பாவுக்குத் தந்தார். எனக்கு, நன்றாக உதவி செய்ததற்காக, நட்சத்திரம் போட்ட ஸ்டிக்கர்.

பஸ் நிறுத்தத்தில் அப்பா சொன்னார்: “பொல்லாத மனுசி. நோ நோ எண்டு கத்தக் கத்தத் தூக்கிறாள். இவையின்ரை வைத்தியம் அப்பிடித்தான் போலை.”

பச்சைப் பட்டியைப் பெற்றோரின் அறைக் கதவுக் கைபிடியில் கட்டி, தாளில் இருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து, மாசி முழுக்க அப்பா இழுத்தார். நோ இல்லாத தோளுக்கு எழுதிய பயிற்சி. அதை ஒரு நாள் தவறாமல் செய்தார். இங்கிலீஷ் வைத்தியத்தை மதிக்கிறவர். உள்ளி போட்டுக் காய்ச்சி அவர் தோளில் பூசிய நல்லெண்ணெய் வாசம் ஏணிப்படி முழுக்க இருந்தது. நான் அந்தக் கதவைத் தாண்டும்போது ஓடுவேன்.

கோயிலில்தான் அம்மா கவனித்தார். சிலுவை போடும்போது அப்பாவின் கை நெற்றிக்குப் போகவில்லை. கை நெஞ்சடியில் நிற்க, நெற்றி கீழே குனிந்து கையைத் தேடி வந்தது. பார்க்க மிகவும் பக்தியாக இருந்தது. பின் வரிசை வாங்கில் இருந்த ஒருவர் பூசை முடிந்ததும் அம்மாவிடம் அதைப் புகழ்ந்தும் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை.

பங்குனியில் ஒரு ஞாயிறு, நானும் அப்பாவும் ஹைனோல்டில் நின்றோம். ஈரப் புல். ஒற்றைக் காது மான். அப்பா வில்லை எடுத்து முதல் சாணை இழுத்தார். சில்லு உருளவில்லை. மறுபடி இழுத்தார். மூன்றாம் தரம் நாண் பாதியில் கையை விட்டுப் போய், அம்பு எங்களுக்கு முன்னாலேயே புல்லுக்குள் சரிந்தது. ஆளுக்கு ஆபத்தில்லை. ஆனால் அப்பா அந்த அம்பைப் பார்த்துக்கொண்டு நின்ற விதம் எனக்குப் பொறுக்கவில்லை.

“அப்பா, அந்த மிஸ் நோ எண்டதை இல்லை எண்டு நினைச்சவ.”

“எந்த நோ?”

“நீங்க சொன்ன நோ. இங்கிலீஷ் நோ எண்டு. எனக்குத் தெரியும். நான் சொல்லேல்லை.”

அவர் என்னைப் பார்த்தார். சொல்லை வாய்க்குள் ஒருமுறை உருட்டிப் பார்த்தது தெரிந்தது. பிறகு ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். சிரித்தார். தோளைப் பிடித்துக்கொண்டு, “ஐயோ நோ, ஐயோ நோ” என்று சொல்லிச் சொல்லி, அதற்காகவும் மறுபடி சிரித்தார். நான் அழுதுகொண்டு நின்றேன். “அப்ப அந்த மிஸ் பிள்ளையிலை பிழை இல்லை” என்றார் கடைசியாக. என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்கு அடி விழுந்ததைவிடக் கூட நொந்தது.

சிரித்ததோடு முடிந்துவிடவில்லை. அன்று வீட்டுக்கு வந்து வில்லை அலுமாரிக்கு மேலே வைத்தார். டென்மார்க் சிநேகிதருக்குத் தொலைபேசி எடுத்து, இந்த வருடம் வரவில்லை என்று டெனிஷில் சொன்னார். பிறகு குசினிக்குப் போய், யாரும் கேட்காமல், கோப்பைகளைக் கழுவினார்.

அடுத்த இரண்டு கிழமை எங்கள் வீட்டில் அதிசயமாக இருந்தது. வருடக்கணக்காக அம்மா கேட்ட வேலைகள் எல்லாம் இடது கையால் நடந்தன. ஒழுகின குழாய் நின்றது. பின்கதவு சத்தம் போடாமல் மூடியது. ஞாயிறு பின்னேரம் அப்டன் பார்க்கில் சாறிக் கடைக்கு வந்து, இரண்டு மணித்தியாலம் முகம் சுழிக்காமல் நின்று, “இதுவும் வடிவு, அதுவும் வடிவு” என்றார். ரெய்னர்ஸ் லேனில் ஒரு சொந்தக்காரரின் பிறந்தநாள் விழாவுக்குக்கூட வந்து கேக் வெட்டும் வரை இருந்தார்.

அம்மா கேட்ட மனிதன் அவருக்குக் கிடைத்துவிட்டார். கிடைத்த பிறகு அம்மாவுக்குப் பயம் பிடித்தது.

“அடி, உந்த மனுசனுக்கு என்ன நடந்தது?” என்று குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே என்னிடம் கேட்டார். “எதிர்த்து ஒரு சொல்லுக் கதைக்குதில்லை. கோயில் சுரூபம் மாதிரி நிக்குது. சாறி ஒண்டும் எனக்குப் பிடிக்கேல்லை, எல்லாத்தையும் வடிவு எண்டார்.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று பத்து, நோ, ஸ்டிக்கர், புல்லில் விழுந்த அம்பு. அகப்பைக்காம்பால் அடி விழும் என்று எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். தேங்காய் துருவும் சத்தம் நின்று, பிறகு மறுபடி தொடங்கியது.

“அப்ப அந்த மனுசிக்கு இவருக்கு நோகுதெண்டே தெரியாதோ?”

“தெரியாது.”

“வில்லு இருக்கெண்டும் தெரியாது.”

“தெரியாது.”

“நான் எழுதித் தரச் சொன்னதையும் நீ சொல்லேல்லை.”

“இல்லை.”

அம்மா அடுத்த பிசியோ நாள் எப்போது என்று மட்டும் கேட்டார். வியாழன் என்றேன். கேர் ஹோமில் தனக்கு அன்று ஷிப்ட் என்றார்.

அந்த மே மாதம் அப்பா டென்மார்க்குக்குப் போனார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்களைக் காக்க வைக்க எனக்கு விருப்பமில்லை, எனக்கே இந்த நாட்களில் காத்திருக்கும் பலம் இல்லை. சட்டம் விடுகிற கடைசி அளவுக்கு வில்லைத் தளர்த்தி, பரீட்சையில் தேறினார். தளர்ந்த வில்லுக்கு மான் முன்பைவிடக் கிட்ட வர வேண்டும் என்பதால், ஒன்பது விடியல் ஒரு மரத்தடியில் அசையாமல் இருந்தாராம். ஒன்பதாவது விடியலில் வந்தது. செய்தித்தாளில் சுற்றிய உறைந்த இறைச்சியோடு வந்து இறங்கினார். அம்மா வறுத்த தூள் போட்டுப் பிரட்டிய மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அதற்குப் பிறகும் பல மே மாதங்கள் போனார். நோவும் கூடவே போனது. முழுதாகப் போகாத நோவோடு எப்படிப் பழகுவது என்று அவர் கற்றுக்கொண்டார். பச்சை ரப்பர் பட்டி கடைசியில் அரிசிச் சாக்கின் வாயைக் கட்டுவதற்குப் போனது. வீடு மாறும்போது தொலைந்துவிட்டது. எனக்கு வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை.

அந்த வியாழன், அதே அறை, அதே மணிக்கூடு. நான் இரவல் வாங்கின தைரியத்தோடு, வழி முழுக்க மனப்பாடம் செய்த வாக்கியத்தை இங்கிலீஷில் சொன்னேன்: எங்கள் மொழியில் நோ என்றால் வலி. என் அப்பா போன முறை சொன்ன ஒவ்வொரு நோவும் வலி. பிசியோ மிஸ்ஸின் முகம் கழுத்தில் இருந்து சிவந்துகொண்டு வந்தது. தன் குறிப்புகளைப் பார்த்தார். அப்பாவின் முன்னால் குனிந்து, கையைத் தொடாமல், ஐந்து தரம் மன்னிப்புக் கேட்டார்.

“பரவாயில்லை எண்டு சொல்லு” என்றார் அப்பா. “நல்ல பிள்ளை. பலமான கை எண்டும் சொல்லு.”

அதைச் சொன்னேன். பிசியோ மிஸ் சிரிக்கவும் முடியாமல் இருக்கவும் முடியாமல், புதிதாக ஒரு தாளை எடுத்தார். இந்தத் தோளால் அவர் செய்கிற வேலை என்ன, எது செய்யும்போது அதிகம் நோகிறது, எதை மறுபடி செய்ய விரும்புகிறார் என்று கேட்டார். மூன்று கேள்வியையும் நான் தமிழில் சொன்னேன்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சன்னலைப் பார்த்தார். “பெட்டி தூக்கிறது எண்டு சொல்லு.”

“மற்றது?”

“மற்றது ஒண்டுமில்லை.”

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். மறுபடியும் அதே இடத்தில் நின்றேன். பெட்டி என்று சொல்லிவிட்டால் பெட்டி தூக்கப் பயிற்சி தருவார்கள், அப்பா கதவுக் கைபிடியில் ஒழுங்காக இழுத்து, ஒழுங்காகப் பெட்டி தூக்கி, கோப்பை கழுவிக்கொண்டு இருப்பார். என் வாய் ‘பொக்ஸ்’ என்று தொடங்கிவிட்டது.

அப்போது கதவு தட்டப்பட்டது. தட்டினவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

அம்மா. கேர் ஹோம் நீலச் சட்டை, பெயர்ப் பட்டி, ஓடி வந்த மூச்சு. தோளில், தன் உயரத்துக்கு முக்கால்வாசி நீளமான கறுப்புப் பை. அதுவரை விரல் நுனியாலும் தொடாத பை. எண்பத்தாறாம் பஸ்ஸில் அதை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

“கிற்றாரோ எண்டு ஒரு கிழவி கேட்டவ” என்றார் அப்பாவிடம். “ஓம் எண்டிட்டன்.”

பரிசோதனைக் கட்டிலில் விரித்திருந்த வெள்ளைத் தாளின் மேல் பையை வைத்து ஸிப்பைத் திறந்தார். இரண்டு சில்லும் குழாய் விளக்கில் மின்னின. மெழுகு வாசம் அறைக்குள் வந்தது. பிசியோ மிஸ் அரை அடி பின்னால் போய், பிறகு ஓரடி முன்னால் வந்தார்.

“இஞ்சேரும், என்ன வேலை பாக்கிறீர்?” அப்பாவின் குரல் மிகத் தாழ்ந்திருந்தது. “பொலிசுக்கெல்லோ போன் அடிக்கப் போறாள்.”

“அடிக்கட்டும்.” அம்மா என் பக்கம் திரும்பினார். “பிள்ளை, சொல்லு. இந்த ஆள் இதை இழுக்கிறவர். இழுக்கத் தொடங்கேக்கை நோகுது. நிப்பாட்டச் சொல்லிக் கேக்க நான் வரேல்லை. எப்பிடி இழுத்தா நோ குறையும் எண்டு காட்டச் சொல்லு. மே மாதத்துக்குள்ளை.”

நான் மூச்சை இழுத்துக்கொண்டு பிசியோ மிஸ்ஸைப் பார்த்தேன்.

“பொறு” என்றார் அம்மா. என் பின்னலை ஒரு விரலால் மெல்ல இழுத்தார். “இந்தமுறை ஒரு சொல்லும் விடாமல் சொல்லு.”